சூனியக்காரியின் அடுப்பு: தேவதைக் கதைகளின் இருண்ட மறுகூறல்களும் நம் கேள்விகளும்



படிப்பகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதையும் இயக்க வேலையாகக் கருதிய ஒரு தோழரின் நினைவாக இன்று கூடியிருக்கிறோம். அவர் விட்டுச் சென்ற வேலையில் இன்று நம் முன் நிற்கும் ஒரு கேள்வியைப் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தோம். அதனால் சிலருக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். தேவதைக் கதைகளை இருட்டாக்கித் திருப்பிச் சொல்லும் கிராஃபிக் நாவல்கள்தான் அந்தப் பொருள்.

நம் படிப்பகத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் இந்தப் புத்தகங்களைக் கண்டடைகிறார்கள். விலை அதிகம் என்பதால் காசு கொடுத்து வாங்குகிறவர் குறைவு. கைப்பேசியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஸ்னோ ஒயிட் இரத்தம் குடிக்கிறாள். இளவரசன் பெண்பித்தனாக அலைகிறான். சிவப்புக் குல்லாச் சிறுமியைத் துரத்திய ஓநாய் காவல் அதிகாரியாகிவிட்டது. இதைப் பார்க்கும் பெரியவர்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். படிக்கிற இளைஞர்களோ, சிறுவயதில் மூடி மறைக்கப்பட்ட உண்மையை இந்த நூல்கள்தான் உடைத்துக் காட்டுகின்றன என்கிறார்கள். இரண்டு தரப்பையும் நாம் அப்படியே ஏற்க முடியவில்லை.

ஊரில் சாதிக் கொலை நடந்துகொண்டிருக்கும்போது அயல்நாட்டுப் படக்கதையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யார் அரக்கன், எந்த உடம்பு அருவருப்பானது, யாரைக் கொன்றால் கதை சுபமாக முடியும் என்பதை மனிதர்கள் எங்கே கற்கிறார்கள்? சட்டப் புத்தகத்திலோ சாதிச் சங்கக் கூட்டத்திலோ கற்பதற்கு வெகு முன்பே, ஐந்து வயதில், மடியில் விரித்த படப் புத்தகத்தில் கற்றுவிடுகிறார்கள். அதனால் இது நம்முடைய பேச்சுத்தான்.

வெட்டியதும் விட்டதும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தக் கதைகளுக்கு இருட்டைப் புதிதாக யாரும் கொண்டுவரவில்லை. ஜெர்மனியின் யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் சகோதரர்கள் 1812இல் தங்கள் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டபோதே அதில் எல்லாம் இருந்தது. ரபுன்சல் கதையில், கோபுரத்தில் அடைக்கப்பட்ட பெண், தன் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று கேட்கிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிடும். பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளையை அறுத்துவிடும் கதையும் அதில் இருந்தது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய்தான். ஹான்சலையும் கிரெத்தலையும் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் பெற்ற தாய்தான்.

1857இல் ஏழாம் பதிப்பு வரும்வரை சகோதரர்கள், குறிப்பாக வில்ஹெல்ம், இந்தக் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ரபுன்சலின் இறுகிய உடை 1819 பதிப்பில் காணாமல் போனது. கசாப்புக்கடை விளையாட்டும் நீக்கப்பட்டது. ஸ்னோ ஒயிட்டின் தாய் 1819இல் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலின் தாய் 1840இல் மாற்றாந்தாய் ஆனாள். பெற்ற தாய் புனிதமானவளாக இருந்தாக வேண்டும். ஆகவே பழி வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த பெண்ணின் மேல் போடப்பட்டது.

வெட்டியதை மட்டும் பார்த்தால் இது பிள்ளைகள்மேல் கொண்ட அக்கறையாகத் தோன்றும். எதை விட்டுவைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தொகுப்பில் 'முட்புதரில் யூதன்' என்று ஒரு கதை உண்டு. ஒரு பண்ணையாள் முதலாளியிடம் மூன்று ஆண்டுகள் உழைக்கிறான். முதலாளி அவன் கையில் மூன்றே மூன்று சில்லறைக் காசுகளை வைத்து அனுப்பிவிடுகிறான். வழியில் கிடைக்கும் மந்திர வயலினை வைத்து அந்த ஆள், ஒரு யூதனை முட்புதருக்குள் ஆடவைத்து, உடம்பு கிழியக் கிழிய ஆடவைத்து, பணப்பையைப் பறிக்கிறான். கடைசியில் தூக்கில் தொங்குவதும் அந்த யூதன்தான். கூலியைத் திருடிய முதலாளி கதையின் முதல் பத்தியோடு பத்திரமாக வெளியேறிவிடுகிறான்.

சிறுவர்களுக்கென்றே 50 கதைகளைத் தேர்ந்தெடுத்து, படங்களும் சேர்த்து, 1825இல் ஒரு சிறு பதிப்பு வந்தது. அதில் இந்தக் கதையும் இடம்பெற்றது. கல்யாணமாகாத பெண்ணின் வயிறு பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. ஒரு யூதனின் உடம்பு முள்ளில் கிழிவதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கலாம். எது ஆபாசம், எது வேடிக்கை என்று ஒரு சமூகம் வகுத்துவைத்திருக்கும் பட்டியல் இதில் அப்படியே பதிந்திருக்கிறது. நூறாண்டுக்குப் பிறகு, 1938இல், 'விஷக் காளான்' என்ற பெயரில் நாஜிகள் பிள்ளைகளுக்காக ஒரு படப் புத்தகம் வெளியிட்டார்கள். அதுவும் தேவதைக் கதையைப் போலத்தான் தொடங்குகிறது. தாயும் மகனும் காட்டில் காளான் பறிக்கிறார்கள். நல்ல காளானுக்குள் விஷக் காளான் கலந்திருப்பதுபோல நல்ல மனிதர்களுக்குள் யூதர்கள் கலந்திருக்கிறார்கள் என்று தாய் மகனுக்குச் சொல்லித்தருகிறாள். அதை வெளியிட்ட யூலியுஸ் ஸ்ட்ரைக்கர் நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு 1946இல் தூக்கிலிடப்பட்டான். படக்கதை விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யார் சொன்ன கதை, யார் எரிந்த கதை

இந்தக் கதைகளை யார் சொன்னார்கள் என்பதும் நமக்கு முக்கியம். கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் நிறையப் பேர். ஏழைகளும் இருந்தார்கள். டொரொத்தியா ஃபீமான் சத்திரக்காரரின் மகள், தையற்காரரின் மனைவி. தோட்டத்துக் காய்களை விற்கக் காசெல் நகரத்துக்கு வந்துபோனவர். நாற்பது கதைகள்வரை அவர் சொன்னவை. 1815இல் இறந்துபோனார். 1819 பதிப்பில் அவருடைய உருவப் படத்தைப் போட்டார்கள். ஆனால் நாட்டுப்புறக் குடியானவப் பெண் என்று அறிமுகப்படுத்தினார்கள். மண்ணின் அசல் குரலாக அவர் தெரிந்தால்தான் தொகுப்புக்கு மதிப்பு. உலகம் இன்று அந்தக் கதைகளைக் கிரிம் கதைகள் என்றே அறியும். நம் நாட்டுப்புறவியல் தொகுப்புகளில் நம் பாட்டிமார்கள் 'தகவலாளி' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோனதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி ஹான்சல் கிரெத்தல் கதையின் சூனியக்காரிக்கு வருவோம். காட்டுக்குள் தனியாக வாழும் கிழவி. கண் மங்கியவள். அவளை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறாள் சிறுமி. பிறகு அவள் வைத்திருந்த முத்தையும் மணியையும் அள்ளிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். சுபம்.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டுவரை சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 40,000 முதல் 60,000 பேர்வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் துணையற்றவர்கள், ஏழைகள், வயதானவர்கள் ஏராளம். மிக அதிகமாகக் கொன்ற பகுதிகளில் ஜெர்மன் மொழி பேசிய நிலங்கள் முன்னணியில் இருந்தன. அந்த நிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கிழவியை உயிரோடு எரிப்பது மகிழ்ச்சியான முடிவாகச் சொல்லப்பட்டது.

இது அங்கே முடிந்துபோன கதையும் அல்ல. 'டாயன்' என்று முத்திரை குத்திப் பெண்களை அடிப்பதையும் கொல்வதையும் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பின் ஜார்க்கண்டும் அந்தச் சட்டத்தை ஏற்றது. அடிபடுகிறவர்களில் ஆதிவாசிப் பெண்களும் தலித் பெண்களும் நிறைய. பல வழக்குகளைத் தோண்டினால் அடியில் ஒரு துண்டு நிலமோ ஒரு வீடோ கிடக்கும். கிழவி எரிந்த பிறகு முத்தையும் மணியையும் யார் அள்ளுகிறார்கள் என்ற கேள்வி இங்கேயும் பொருந்துகிறது.

ஆகவே இருண்ட மறுகூறல் என்று ஒரு நூல் நம் கைக்கு வந்தால் அதில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. இரத்தம் முதலிலிருந்தே இருந்தது. அந்தக் கதை யாரை அடுப்புக்குள் தள்ளியதோ அவரிடம் இந்த மறுகூறல் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கான எடுத்துக்காட்டுகள்.

வியர்வைத் துளி

படக்கதையில் இந்த விளையாட்டு 1950களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் தன் திகில் இதழ்களில் கிரிம் கதைகளைக் கோரமாக்கிக் கேலியாகச் சொல்லிவந்தது. பிள்ளைகள் கெடுகிறார்கள் என்ற கூச்சல் எழுந்து, 1954இல் படக்கதை வெளியீட்டாளர்கள் தங்களுக்குள் ஒரு தணிக்கை விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். திகில் இதழ்கள் நின்றன.

அதே நிறுவனம் 'தீர்ப்பு நாள்' என்ற அறிவியல் படக்கதையை 1953இல் வெளியிட்டிருந்தது. ஒரு கோளில் ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்களும் நீல நிற இயந்திர மனிதர்களும் வாழ்கிறார்கள். உள்ளே இருக்கும் கருவிகள் ஒன்றே. மேல்தகட்டின் நிறம்தான் வேறு. ஆனாலும் நீல நிறத்தாருக்குத் தனிக் குடியிருப்பு, தாழ்ந்த வேலை. ஆய்வுக்கு வந்த விண்வெளி வீரர், இந்தக் கோள் அண்டக் குடியரசில் சேரத் தகுதி பெறவில்லை என்று சொல்லிக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

1956இல் அதை மறுபடி அச்சிட முயன்றபோது தணிக்கை அதிகாரி மறித்தார். அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். நிறுவனம் மறுத்ததும், குறைந்தது அந்த வியர்வையையாவது எடுங்கள் என்றார். நிறுவனம் இணங்கவில்லை, கதை இருந்தபடியே வந்தது.

கிரிம் பதிப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று தொடங்கும் தணிக்கை கடைசியில் வந்து நிற்கும் இடம், ஒரு கறுப்பு உடம்பின் மதிப்பும் அதன் வியர்வையும். இருட்டை எதிர்க்கிறோம் என்று யார் சொன்னாலும், எந்த இருட்டை என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

பண்ணைக்கு அனுப்பப்பட்டவர்கள்

இன்று நம் மாணவர்கள் அதிகம் பேசும் வரிசைக்கு வருவோம். பில் வில்லிங்ஹாம் எழுதி, பெரும்பகுதியை மார்க் பக்கிங்ஹாம் வரைந்த 'ஃபேபிள்ஸ்' 2002இல் தொடங்கி 2015இல் 150ஆம் இதழை எட்டியது. தேவதைக் கதைகளின் மாந்தர்கள், தங்கள் தாயகங்களை ஒரு படையெடுப்பாளன் பிடித்துக்கொண்டதால், அகதிகளாக நியூயார்க் நகரில் ஒளிந்து வாழ்கிறார்கள். பழைய குற்றங்களுக்கெல்லாம் பொது மன்னிப்பு உண்டு. முன்பு யார் யாரைத் தின்றார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது.

அந்த மன்னிப்பிலும் ஒரு எல்லை இருக்கிறது. மனிதத் தோற்றம் உள்ளவர்கள் நகரத்தில் வாழலாம். பேசும் பன்றி, கரடி, பூதம் போன்றவர்கள் நகரத்துக்கு வெகு தொலைவில், பண்ணை என்று அழைக்கப்படும் இடத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே வர அனுமதி இல்லை. மந்திரத்தால் மனித உருவம் வாங்கலாம்; அதற்குப் பெரும் பணம் வேண்டும். இதைப் படிக்கும்போது ஊரும் சேரியும் நம் கண்ணில் தெரியாமல் இருக்குமா? குற்றம் எதுவும் செய்யாமல், உடம்பின் காரணமாகவே வெளியே வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பு அது.

இரண்டாவது கதைப்பகுதியில் பண்ணை கிளர்ந்தெழுகிறது. ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' என்ற பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு ஆவல் எழுகிறது. ஆனால் கதை என்ன செய்கிறது? கிளர்ச்சியின் தலைமையில் வெறிபிடித்த கோல்டிலாக்ஸைத் துப்பாக்கியோடு நிறுத்துகிறது. பண்ணைவாசிகளின் குறை நியாயமானது என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. பிறகு கிளர்ச்சி அடக்கப்படுகிறது, தலைமை தாங்கிய பன்றிகளுக்கு மரண தண்டனை, மற்றவர்களுக்குக் கடும் உழைப்பு. பண்ணையின் புதிய பொறுப்பாளராக வருகிறவள் ஸ்னோ ஒயிட்டின் சகோதரி ரோஸ் ரெட், மனிதத் தோற்றம் கொண்டவள். எல்லைக்கோடு அதே இடத்தில் இருக்கிறது.

இந்த வரிசையின் ஓவியத்திலோ கதைப்பின்னலிலோ நாம் குறை சொல்ல வரவில்லை. இளவரசிக்கு விவாகரத்து ஆகிறது, இளவரசன் ஊதாரியாகிறான், இரத்தம் பக்கம் பக்கமாகச் சிந்துகிறது. இவ்வளவு இருட்டுக்கும் நடுவே யார் எங்கே குடியிருக்கலாம் என்ற ஒழுங்கு மட்டும் குலையவில்லை. தைரியமான நூல் என்று நம் மாணவர்கள் இதைப் பாராட்டும்போது, பண்ணையிலிருந்து பார்த்தால் இந்தத் தைரியம் எப்படித் தெரியும் என்று நாம் கேட்க வேண்டும்.

பிரெஞ்சில் 2009இல் வந்த இன்னொரு நூலையும் சொல்ல வேண்டும். ஃபாபியன் வெல்மான் எழுதி, கெராஸ்கோயெட் என்ற பெயரில் இயங்கும் இணையர் வரைந்த 'அழகிய இருள்'. காட்டில் ஒரு சிறுமி இறந்து கிடக்கிறாள். அவள் உடம்பிலிருந்து விரல் அளவுள்ள குட்டி மனிதர்கள் வெளியே வருகிறார்கள். பொம்மைபோல அழகான முகங்கள். ஔரோர் என்பவள் அவர்களை ஒன்றுதிரட்டிப் பகிர்ந்துண்ணும் வாழ்க்கையை அமைக்கப் பார்க்கிறாள். சிறிது சிறிதாகக் கொடுமை தலையெடுத்து, எல்லோரும் ஒருவரையொருவர் அழிக்கிறார்கள். பக்கத்திலேயே உடம்பு அழுகிக்கொண்டிருக்கிறது. அவள் யார், எப்படி இறந்தாள் என்று அந்தக் குட்டி மனிதர்களில் யாரும் விசாரிக்கவில்லை.

நம்மில் சிலர் இந்நூலை மூடிவைத்துவிட்டார்கள். வயல்வெளியில் கிடந்த பெண்ணுடலின் முன்னால் நின்றவர்களுக்கு அது கற்பனை அல்ல. ஆனாலும் இது நேர்மையான நூல் என்றே நினைக்கிறோம். சடலத்தைச் சுற்றி விருந்தும் பதவிப் போட்டியும் நடத்தும் அழகிய முகங்களை அது மறைக்கவில்லை. வாசகரை அந்தக் கூட்டத்தில் ஒருவராக உணரவைக்கிறது. சிறுவர்களுக்கு ஆகாது, பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய நூல்.

மகனுக்காக மாற்றிய முடிவு

நம் படிப்பக அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு நூல் ட்ரங் லே நுயென் எழுதி வரைந்த 'மாய மீன்'. 2020இல் அமெரிக்காவில் வந்தது. வியட்நாமிலிருந்து அகதியாக வந்த தாய், அங்கே பிறந்த மகன். தாய்க்கு ஆங்கிலம் தடுமாறும். மகனுக்கு வியட்நாம் மொழி போதாது. நூலகத்திலிருந்து தேவதைக் கதைகளை எடுத்துவந்து ஒருவருக்கொருவர் வாசிக்கிறார்கள். மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன். அதை அம்மாவிடம் சொல்ல அவள் மொழியில் என்ன சொல் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓவியர் மூன்று நிறங்களை வைத்துக் கதையை நடத்துகிறார்: நிகழ்காலத்துக்குச் சிவப்பு, கடந்தகாலத்துக்கு மஞ்சள், கதைக்குள் வரும் கதைக்கு நீலம்.

அந்த நூலில் வியட்நாமின் சிண்ட்ரெல்லாக் கதையான 'டாம் காம்' வருகிறது. அதன் மரபான முடிவு கிரிம் கதைகளையே தோற்கடிக்கும். அழகாக வேண்டும் என்று கேட்ட மாற்றாந்தாயின் மகளைக் கொதிநீரில் கொன்று, உடலை ஊறவைத்து, அவள் தாய்க்கே உணவாக அனுப்பும் முடிவு அது. அந்தக் கோரத்தை நூல் ஒளிக்கவில்லை. ஆனால் நூல் அங்கே முடிவதும் இல்லை. தன் தாயின் இறுதிச் சடங்குக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் அந்த அம்மா, மகனுக்குக் கடற்கன்னிக் கதையைச் சொல்லும்போது அதன் முடிவை மாற்றுகிறாள். உன்னை அறிவேன், நீ என் பிள்ளைதான் என்பதைக் கதையின் முடிவு வழியாகவே அவனுக்குச் சொல்லிவிடுகிறாள்.

இதில் இருட்டு அலங்காரமாக வரவில்லை. போர், அகதி வாழ்வு, தாயைக் கடைசியாகப் பார்க்க முடியாமை ஆகியவற்றிலிருந்து வருகிறது. கதையை மாற்றும் உரிமையும் யாரிடம் இருக்கிறது பாருங்கள். ஊரையும் மொழியையும் விட்டுவந்த ஒரு பெண்ணிடம்.

சூனியக்காரி இல்லாத கதை

இந்தியாவில் தேவதைக் கதைக்கும் படக்கதைக்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது. அமர் சித்திரக் கதை வரிசையின் முதல் பத்து எண்கள் கன்னடத்தில் வந்த மேற்கத்தியக் கதைகள். சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், சிவப்புக் குல்லா எல்லாம் அதில் உண்டு. பதினோராவது எண் கிருஷ்ணன். அங்கிருந்துதான் ஆங்கிலத்தில் புராண வரிசை தொடங்குகிறது. சூனியக்காரி போய் அசுரன் வந்தான். தேவர்களும் அரசர்களும் வெளுத்த மேனியோடு. அசுரர்கள் பெரும்பாலும் கறுத்த தடித்த உடம்போடு, கோரைப்பல்லோடு. இந்திய நடுத்தர வர்க்கத்தின் தலைமுறைகள் தங்கள் சாதி உணர்வுக்கு நிறம் தீட்டிக்கொண்டது இந்தப் பக்கங்களிலும்தான்.

இதற்கெல்லாம் மிக முந்தியே நம்மவர் ஒருவர் மறுகூறலைச் செய்துவிட்டார். ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி', மச்சம் முதல் பரசுராமர்வரை அவதாரக் கதைகளை எடுத்து, மண்ணின் மக்களை வென்றவர்கள் எழுதிய கதைகளாக அவற்றைத் திருப்பிப் படித்தது. வாமனனிடமிருந்து பலியின் பக்கத்துக்கு வாசகரை அழைத்துப்போனது. அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்நூலை அடிப்படையாகக் கொண்டு ஸ்ரீவித்யா நடராஜன் எழுதி அபராஜிதா நினான் வரைந்த கிராஃபிக் நாவல் 2011இல் வந்தது. இருண்ட மறுகூறலை மேற்கிலிருந்து நாம் இரவல் வாங்கவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வை நீங்கள் அறிவீர்கள். கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதியது. பாபாசாகேப் தன் சிறுவயதில், 1901இல், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் தந்தையைப் பார்க்கப் போன பயணம் அதில் வருகிறது. அதை ஹான்சல் கிரெத்தல் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அங்கே பஞ்சம். இங்கேயும் பஞ்சம். பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி வெட்டும் இடத்தில்தான் தந்தை காசாளர். கடிதம் போய்ச் சேராததால் ரயில் நிலையத்தில் பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் வரவில்லை. மகார் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரி பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். இருட்டிய வழி. கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் தன்னை முஸ்லிம் என்று சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. கட்டிவந்த சாப்பாட்டை வைத்துக்கொண்டே பசியோடு படுக்கிறார்கள்.

இந்தக் கதையில் சூனியக்காரி இல்லை. நரமாமிசம் தின்பவர் யாரும் இல்லை. நிலைய அதிகாரி, வண்டிக்காரர், சுங்கச் சாவடிக்காரர் எல்லோரும் சாதாரண மனிதர்கள். அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அடுப்புக்குள் தள்ள ஒரு கிழவி கிடைத்திருந்தால் ஒன்பது வயதுச் சிறுவனின் கதையும் அன்றிரவே சுபமாக முடிந்திருக்கும். சாதியின் இருட்டுக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அதை வரைவதுதான் கடினம். வியாம் இணையர் அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் விரும்பவில்லை. பக்கம் முழுவதும் தங்கள் மரபின் கோலத்தால் திறந்துகிடக்கிறது. அன்பான சொல் பறவை வடிவக் குமிழில் வருகிறது. தீண்டாமைச் சொல்லின் குமிழுக்குத் தேளின் கொடுக்கு. கொட்டுவது சொல்தான், அது யார் வாயிலிருந்தும் வரலாம் என்று ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

நம் வேலை

தோழர்களே, படிப்பகத்தில் நாம் என்ன செய்யப்போகிறோம்?

தடைசெய்யும் வேலை நமக்கு வேண்டாம். தணிக்கையின் கை கடைசியில் நம் கழுத்துக்கே வரும் என்பதைப் பார்த்தோம். வயதறிந்து கொடுப்போம். பெரிய பிள்ளைகள் கைப்பேசியில் படிப்பதைப் பிடுங்காமல், வாரம் ஒருநாள் அதையே எடுத்துவைத்துக் கூடிப் படிப்போம். இந்தக் கதையில் ஊருக்கு வெளியே இருப்பவர் யார்? கெட்டவருக்கு ஓவியர் என்ன நிறம் கொடுத்தார், ஏன்? கூலியைத் திருடியவர் எந்தப் பக்கத்தில் காணாமல் போனார்? முடிவில் முத்தும் மணியும் யார் கைக்குப் போயின? பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்துவிட்டால், நாளை செய்தித்தாளையும் தீர்ப்புரையையும் அது அதே கண்ணோடு படிக்கும்.

அடுத்த வேலை, நம் பாட்டிமாரிடம் இருக்கும் கதைகளைப் பெயரோடு, ஊரோடு எழுதி வைப்பது. சொன்னவர் பெயர் அட்டையில் வர வேண்டும். 'தகவலாளி' என்று பின்குறிப்பில் போகக்கூடாது. அந்தக் கதைகளிலும் சூனியக்காரிகள் இருப்பார்கள், நம்மைவிடக் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிய ஏளனம் இருக்கும். புதிரை வண்ணாரைப் பற்றி, நரிக்குறவரைப் பற்றி, நம் வீட்டுப் பெண்களைப் பற்றி நாமே சொல்லிவந்த கதைகளையும் இதே கேள்விகளுக்கு உட்படுத்த வேண்டும். பிறர் கதையைத் திறனாய்வது சுலபம்.

மூன்றாவது, வரைவது. நம்மிடம் சுவரெழுத்து எழுதும் கைகள் இருக்கின்றன, பறையின் மேல் சித்திரம் தீட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விலை குறைந்த தாளில், இரண்டு நிறத்தில், முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படக்கதை போடுவதற்குப் பெரிய பதிப்பகம் தேவையில்லை. அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, நம் படிப்பகப் பிள்ளைகள் எழுதி வரைந்த ஒரு நூலையாவது இந்த மேடையில் வெளியிட வேண்டும் என்று முன்மொழிகிறோம். அதில் காட்டில் விடப்பட்ட பிள்ளைகளின் கதை இருக்கட்டும். அந்தக் கிழவியின் கதையும் இருக்கட்டும். அவள் ஏன் ஊரை விட்டுக் காட்டுக்குப் போனாள், யார் துரத்தினார்கள், பசித்து வந்த பிள்ளைகளுக்கு அவள் உண்மையில் என்ன கொடுத்தாள் என்பதை நம் பிள்ளைகள் எழுதட்டும்.